வண்டிவீட்டின் எட்டு ஓட்டைகள்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. பாலக்காட்டில் வீடு அமைந்து, சாமான்கள் எல்லாம் இறக்கியாயிற்று என்று நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. நீ மலையாளத்தில் எழுதியதை நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் உன் அம்மா இரண்டு தடவை சாயா போட்டுவிட்டாள். பழிக்குப் பழியாக நான் தமிழில் எழுதுகிறேன். நீயும் எழுத்துக் கூட்டிப் படி. அவசரப்படாதே. இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது; படிக்க உனக்கு ஒரு மணி நேரம் ஆனால் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. முதல் வரியை எழுதியதுமே எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன விஷயம் என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

புது வீட்டுக்குப் போகிற மகளுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் சொல்வதாகத்தான் இருந்தேன். நீங்கள் இருவரும் மட்டாஞ்சேரியில் இருந்து புறப்பட்ட அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டி படுக்கை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. நீ மட்டும் திரும்பத் திரும்ப உள்ளே போய் ஜன்னல் கொளுத்தை, அதுதான் அந்தக் கொக்கியை, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது தடவை நீ போனபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "என்ன மாமா, இவ எப்பவுமே இப்படியா? எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார். நான் பதில் சொல்லும் முன் நீயே வெளியே வந்து சொன்னாய்.

"அது ஒண்ணுமில்ல. சின்னதுல ஒரு தடவ ஜன்னல் அடைக்க மறந்துட்டேன். ஒரு சாரோட வண்டிவீட்டுக்குள்ள வெள்ளம் கேறி எல்லாம் நாசமாப் போச்சு. பாவம், அப்பாவுக்குத்தான் நாணக்கேடு. அதுல இருந்து இப்படித்தான்."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் படகு ஜெட்டிப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் நின்றேன். உன் அம்மா வந்து, "யாருக்குக் கொட பிடிக்கியரு?" என்று கேட்டாள். மறந்துட்டேன் என்று நீயே உன் வாயால் சொன்னாயே, அதுதான் என்னைப் போட்டு அறுத்தது. பத்து வயதில், அத்தனை பேர் முன்னால், "அடச்சேன்" என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. இத்தனை வருஷத்தில் என் பேச்சு உன் ஞாபகத்தையே மாற்றிவிட்டிருக்கிறது. அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த பாதியையும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பாதியும் கோணலாகத்தான் உன்னிடம் இருக்கிறது.

என் தொழில் உனக்குத் தெரியும். தூத்துக்குடியில் தோணி வேலை பழகி, நீ பிறப்பதற்கு முன்பே மட்டாஞ்சேரிப் படகுப் பட்டறைக்கு வந்தவன். கலப்பத்து அடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைக்கிற வேலை அது. ஒரு ஓட்டையைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். தண்ணீர் என்றால் கீழே இருந்து வருவது, ஓட்டை என்றால் அடைக்க வேண்டியது. இதற்கு மேல் எனக்கு உலகம் தெரியாது. இந்தத் தலைக்கனத்தோடு இருந்தபோதுதான் சாக்கோ சார் அந்த வண்டிவீட்டைக் கொண்டுவந்து பட்டறை முற்றத்தில் நிறுத்தினார்.

சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று ஆலுவாவில் இருந்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு அந்தத் தகர வீட்டைப் போர்ட் கொச்சி வரை இழுத்து வந்து, திரும்ப இழுத்துப் போக வழியில்லாமல் இவருக்கு விற்றுவிட்டான். சாரின் மனைவிக்கு முட்டுவலி. பஸ் படி ஏற முடியாது, லாட்ஜ் மாடி ஏற முடியாது. ஆனால் ஒரு தடவையாவது வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று கல்யாணமான நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் சார் அதை வாங்கினார். அவர் வீட்டு இடவழிச் சந்தில் வண்டி நுழையவில்லை. மழைக்காலம் முடியும்வரை பட்டறையில் கிடக்கட்டும் என்று என் பொறுப்பில் விட்டார்.

"ஒரு துள்ளி வெள்ளம் அகத்து கேறருது, மேஸ்திரீ" என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாதாம்.

"சார், கடல்ல விட்டாலும் மிதக்கும்" என்றேன் நான்.

அது மிதக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாக எட்டு ஓட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழைகிற அளவு. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு அழகாக வீடு கட்டத் தெரிந்தவனுக்கு அடியை அடைக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். எட்டையும் பஞ்சு வைத்து இறுக்கிக் குங்கிலியம் பூசினேன். அதோடு விட்டேனா? படகுக்குப் பூசுவது போல அடிப்பக்கம் முழுக்க மத்தி மீன் எண்ணெய் பூசினேன். சக்கரத்தில் பாரம் நிற்க வேண்டாம் என்று நான்கு மூலைக்கும் தென்னந்தடி முட்டு கொடுத்தேன். மேலே ஏறிக் கூரையைப் பார்க்கவே இல்லை. படகுக்கு ஏது கூரை?

உள்ளே உனக்குப் பிடித்ததைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மடக்கு மேஜை, பச்சைத் திரை, இரண்டு பக்கமும் படுக்கையாக விரியும் இருக்கை, மேலே கைப்பிடியைச் சுற்றினால் திறக்கும் கூரை ஜன்னல். மூன்று பேரும் ஒரே அறையில் முட்டிக்கொண்டிருந்த நமக்கு அது அரண்மனைதான். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கே போய்ப் படிக்கலாம், பதிலுக்கு வெயில் வந்தால் ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட வேண்டும், மேகம் கறுத்தால் அடைக்க வேண்டும் என்று சாரிடம் நானே கேட்டு வாங்கினேன். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி நீ கழுத்தில் போட்டுக்கொண்டாய். "மவளுக்குத் தனி பங்களா, நமக்கு இந்தக் குச்சு" என்று உன் அம்மா கேலி செய்தாள். கூரை ஜன்னலுக்குக் கை எட்டாமல் இருக்கையில் ஏறி நின்று நீ கைப்பிடியைச் சுற்றுவதை நான் பல நாள் வேலைக்கு நடுவில் பார்த்திருக்கிறேன். சுற்றி முடித்து ஒரு தட்டுத் தட்டுவாய். அந்தத் தட்டு வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்தில் ஒருநாள் நீ வந்து, "அப்பா, நடந்தா தரை மெத்து மெத்துன்னு தாழுது" என்றாய். புது விரிப்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னொரு நாள், "மூலைல மரப்பொடி கிடக்கு, கட்டெறும்பு போகுது" என்றாய். மீன் எண்ணெய் வாடைக்கு எறும்பு வரத்தான் செய்யும் என்றேன். சுவர்ப் பலகை வீங்கியிருக்கிறது என்று நீ சொன்னபோது, "புஸ்தகத்தப் பாத்துப் படி, செவத்தப் பாக்காத" என்று அதட்டினேன். மூன்று தடவை சொல்லியிருக்கிறாய் செல்வி. ஒரு தடவையாவது எழுந்து வந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சார் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் வெள்ளைச் சட்டையும் முண்டுமாக, கையில் ஊன்றுகோலோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். சார் முதலில் ஏறினார். இரண்டாவது எட்டில் அவர் கால் கணுக்கால் வரை தரைக்குள் போய்விட்டது. விரிப்பைத் தூக்கினால் பலகை முழுக்கச் செம்மண் கோடு கோடாகக் கறையான் கட்டியிருந்தது. இருக்கைகளின் மேல் ஈசல் இறகுகள் உமி போலக் கிடந்தன. கூரை ஜன்னலுக்கு நேர் கீழே மெத்தையில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஈரம்.

"இதெந்தா, மேஸ்திரீ?" என்றார் சார். கோபமாகக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். கீழே நின்ற மனைவியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். பட்டறை ஆட்கள் எல்லோரும் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். கடலில் விட்டாலும் மிதக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் அவர்கள். என் கண் அந்த ஈரத்துக்குப் போனது, அங்கிருந்து கூரை ஜன்னலுக்குப் போனது, அப்புறம் உன் கழுத்தில் கிடந்த சாவிக்கு வந்தது. பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"மழ வந்தா அடைக்கணும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? தொறந்து போட்டுட்டு வந்துட்டா, சார்" என்று சொல்லி உன்னை ஓங்கி அறைந்தேன்.

நீ அழவில்லை. "நான் அடச்சேம்ப்பா. கொளுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாய்.

"பொய் சொல்லாத."

"இல்லப்பா, அடச்சேன்."

"குட்டியெ அடிக்கல்லே" என்று தடுத்த சாரின் மனைவி கோலை விட்டுவிட்டு உன்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். நான் உன் கழுத்தில் இருந்து சாவியைக் கழற்றினேன். இதுவரைதான் உனக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது.

மறுநாள் காலை நீ பள்ளிக்கூடம் போன பிறகு, ஆட்கள் சாயா குடிக்கப் போயிருந்த நேரத்தில், நான் கூரை ஜன்னலை என் கையாலேயே இறுக்கி அடைத்தேன். ஏணி வைத்து ஏறி ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றினேன். இறங்கி உள்ளே போய்ப் பார்த்தால், அடைத்த ஜன்னலைச் சுற்றித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சுற்றியிருந்த ரப்பர் வெயிலில் வெடித்துப் போயிருந்தது. அதன் வழியாக நுழைந்த தண்ணீர் மெத்தையில் மட்டும் விழவில்லை, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் புகுந்து சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அப்புறம் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, நான் அடைத்த அடைப்பு ஒன்றை உளியால் குத்தி எடுத்தேன். தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. எட்டையும் எடுத்தேன். எட்டிலும் கொட்டியது. நான் சாயா குடிக்கப் போயிருந்தால் குடித்து முடித்து வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் கொட்டியது.

மேலே இருந்து இறங்குகிற தண்ணீர் வெளியேறத்தான் அந்த வெளிநாட்டுக்காரன் எட்டு வழி வைத்திருந்தான். நான் அதையெல்லாம் அடைத்து, மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தது போல உள்ளே நிறுத்திவிட்டேன். ஊறிய பலகைக்குக் கறையான் ஏறிப்போக நான்கு தென்னந்தடியும் நானே வைத்துக் கொடுத்திருந்தேன். அந்தத் தடிகளின் மேல் மண் கோடு என் கட்டைவிரல் தடிமனில் ஏறியிருந்தது. நீ ஜன்னலை அடைத்திருந்தாய் என்று அப்போதே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது செல்வி. மத்தியானம் நீ வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வந்தாய். பட்டறைப் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்குப் போனாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வேலையில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. தரையை முழுக்கப் பெயர்த்துப் போட்டு, சட்டங்களை வெளியே எடுத்து, மழை விட்ட நேரமெல்லாம் காயவைத்தேன். கறையான் தின்ற சட்டங்களைக் கழித்துத் தேக்கில் புதிதாகச் செதுக்கினேன். மிஞ்சிய மரத்துக்கு மண்ணெண்ணெய் காட்டினேன். கூரை ஜன்னலைச் சுற்றித் தார் பூசிய கித்தான் ஒட்டினேன். ஈரம் வாங்கச் சுட்ட சுண்ணாம்பை டப்பாக்களில் போட்டு மூலைக்கு மூலை வைத்தேன். எறும்புக்கும் கறையானுக்கும் என்ன செய்வது என்று நான் முழித்தபோது வழி சொன்னது உன் அம்மாதான். "நம்ம சோத்து அலமாரிக்கு என்ன செய்யுதேன்? அதத்தான் செய்யும்" என்றாள். அலமாரிக் கால்களுக்கு அவள் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது போல, வண்டிக்குக் கல் முட்டுகள் கொடுத்து ஒவ்வொன்றையும் பழைய இன்ஜின் எண்ணெய் ஊற்றிய தகரத் தட்டில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு எறும்போ கறையானோ ஒன்றும் ஏறவில்லை. எட்டு ஓட்டைகளையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திறந்தே வைத்தேன்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்னால் சார் வந்தார். தரையில் குதித்துக் குதித்துப் பார்த்தார். அவரிடம் நான் மறைக்கவில்லை. ஓட்டைகளைக் காட்டி, வாளித் தண்ணீர் கதையைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். "மேஸ்திரீ, இது வள்ளமல்லல்லோ" என்றார், இது படகு இல்லையே என்று.  அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், இதை மகளிடம் சொல்லிவிட்டேனா என்று அவர் கேட்டார்.

"மோளோடு பறஞ்ஞோ?"

"பறஞ்ஞு, சார்" என்றேன்.

ஜன்னலை அடைக்கவில்லை என்று உன் மேல் பழி போட்டது பதற்றத்தில் வந்த புத்தி. அதற்காவது ஒரு சாக்கு சொல்லலாம். இதற்கு ஒன்றும் கிடையாது. எந்தப் பதற்றமும் இல்லாமல், சிரித்த முகத்தோடு, சொல்லிவிட்டேன் என்று நெஞ்சறிந்து பொய் சொன்னேன்.

அவர்கள் வேளாங்கண்ணி போய்வந்தார்கள். அந்த அம்மாள் வழியெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாராம். திரும்பியதும் சார் பட்டறைக்கு வந்து ஒரு சின்னச் சிப்பிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "குட்டிக்காணு. வெறுதே அடி கொண்டதல்லே, பாவம் என்னு அவள் பறஞ்ஞு" என்றார். பிள்ளை சும்மா அடி வாங்கியதே என்று அந்த அம்மாள் உனக்காகத் தந்தது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, "சாரோட வீட்டம்மா தந்தாங்க" என்று மட்டும் சொல்லி உன்னிடம் நீட்டினேன். நீ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அவங்களுக்கு என்மேல உள்ள தேஷ்யம் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாய்.

"கோவமெல்லாம் போயிடுச்சு" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாய். சரி, பிள்ளை மறந்துவிட்டாள், இனி எதற்குக் கிளற வேண்டும் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். நீ மறக்கவில்லை, ஒத்துக்கொண்டுவிட்டாய் என்பது நீங்கள் புறப்பட்ட அன்று குடையோடு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

இதை எல்லாம் முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ள வீங்குன கன்னத்தோட ரெண்டு நாள் திரிஞ்சாளே, இத வயித்துல வச்சிக்கிட்டா சோறு தின்னீரு?" என்றாள்.  மீதி மீனையும் ஆய்ந்து முடித்துவிட்டு, "எழுதிப் போடும். ஸ்டாம்பு நான் வாங்கிட்டு வாரேன்" என்றாள். வாங்கியும் வந்துவிட்டாள், இதோ மேஜை மேல் இருக்கிறது. நான் பின்வாங்கிவிடுவேன் என்று சந்தேகம்.

இனி அந்த நாலு புத்தி. உங்கள் பாலக்காட்டு வீடு ஓட்டு வீடு என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையை ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்க்கச் சொல், முதலில் மேலே, அப்புறம் கீழே. தண்ணீர் வெளியே போகிற வழி எதையும் அடைக்க விடாதே. மரச்சாமானைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. வீட்டில் ஒரு குழந்தை வந்து, தரை தாழுகிறது, மூலையில் பொடி கிடக்கிறது என்று சொன்னால், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். இன்னொன்றும் இருந்தது, இப்போது நினைவு வரவில்லை. வந்தால் உன் அம்மா சொல்லுவாள்.

சிப்பிப் பெட்டியை அங்கேயும் ஜன்னல் பக்கத்தில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அது உன்னை மன்னித்துத் தந்தது இல்லை செல்வி. உன்னிடம் மன்னிப்புக் கேட்டுத் தந்தது. கேட்டிருக்க வேண்டியவன் நான். எனக்குப் பதிலாக, நடக்க முடியாத அந்த அம்மாள் அவ்வளவு தூரம் போய் வாங்கி வந்தார். இப்போது நானே கேட்கிறேன். அப்பாவை மன்னித்துவிடு. உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி. மலையாளத்திலேயே எழுது, நான் கூட்டி வாசித்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு வெளியே கிளம்பும்போது ஜன்னலை ஒரே ஒரு தடவை அடை. கொளுத்துப் போட்டு, உன் வழக்கப்படி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போ. அன்றைக்கும் நீ அடைத்துவிட்டுத்தான் வந்தாய்.

அப்பா